தாழ்நிலைத் துணை விளக்குகள்

தாழ்நிலைத் துணை விளக்குகள் என்பவை கரடுமுரடான பாதைகளில் செல்லும் வாகனங்களில், முகப்பு விளக்குகளுக்குக் கீழே, பெரும்பாலும் முன் பம்பரில் பொருத்தப்படும் கூடுதல் விளக்குகள் ஆகும். மூடுபனி விளக்குகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. வண்டிக்கு அருகிலுள்ள தரையை அகலமாகக் காட்டுவதே இவற்றின் பணி.

பனியிலும் புழுதியிலும்

பனித்துளிகளும் தூசித் துகள்களும் தம்மீது படும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வந்து வெண்திரை போல் பார்வையை மறைக்கிறது. கூரைமேல் உள்ள விளக்கின் ஒளி ஓட்டுநரின் பார்வைக் கோட்டின் வழியாகவே செல்வதால் இத்தொல்லை அங்கு மிகுதி. தாழ்வான விளக்கின் ஒளி பார்வைக் கோட்டுக்குக் கீழே தரையை ஒட்டிச் செல்வதால் திரும்பி வரும் ஒளி குறைகிறது.

மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பது பரவலான நம்பிக்கை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. எனவே எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறுகின்றன. விளக்கின் உயரமும் ஒளிக்கற்றையின் வடிவமுமே முக்கியம்.

நிழலின் பயன்

15 மீட்டர் தொலைவில் 10 செ.மீ. உயரமுள்ள கல் ஒன்று கிடப்பதாகக் கொள்வோம். அரை மீட்டர் உயரத்திலுள்ள விளக்கு அக்கல்லுக்குப் பின்னே சுமார் 3.75 மீட்டர் நீள நிழலை உண்டாக்கும். 2 மீட்டர் உயரத்திலுள்ள கூரை விளக்கின் நிழல் 80 செ.மீ. அளவே இருக்கும். ஓட்டுநரின் கண் கூரை விளக்குக்குக் கீழே இருப்பதால் அந்த நிழலும் கல்லின் பின்னே மறைந்துவிடும். மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துக் காட்டுவது நிழலே. அது தெரியாவிட்டால் தரை சமமாக இருப்பதுபோல் தோன்றும்.

பொருத்தும் முறை

ஐ.நா.வின் 48ஆம் எண் வாகன விதிமுறைப்படி, பயணியர் கார்களில் முன் மூடுபனி விளக்கு தரையிலிருந்து 250 மி.மீ.க்குக் குறையாமலும் 800 மி.மீ.க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். விளக்கு ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றைத் தடுக்கக் கூடாது. பம்பருக்கு முன்னே துருத்தி நின்றால் மேடு ஏறும்போது முதலில் இடிபடுவது அதுவே.

12 வோல்ட்டில் இயங்கும் 55 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே மின்சாரத்தைச் சுவிட்ச் வழியாக நேரே கொடுக்காமல், பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகக் கொடுப்பதே பாதுகாப்பானது. கல், சேறு, நீர் ஆகியவை முதலில் தாக்கும் இடம் என்பதால் நீர்புகா உறையும் கல் தடுப்பு மூடியும் தேவை. கண்ணாடியில் படியும் சேற்றை அவ்வப்போது துடைக்க வேண்டும்.

ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு 10 மீட்டர் தொலைவில் விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 20 செ.மீ. தாழ்ந்திருக்குமாறு சரிசெய்யலாம். மேல்நோக்கிச் சாய்ந்தால் எதிரே வருபவரின் கண் கூசும்.

வரம்பு

அருகிலுள்ள தரை பளிச்சென்று தெரிவதால் தொலைவும் தெரிகிறது என்ற மயக்கம் ஓட்டுநருக்கு ஏற்படலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆனால், அதற்குள் 16 மீட்டருக்கு மேல் சென்றுவிடும். சரளைத் தரையில் நிற்க மேலும் அதிகத் தூரம் வேண்டும். எனவே இவ்விளக்குகளை மட்டும் நம்பிச் செல்லும்போது, ஒளி எட்டும் தொலைவுக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தைத் தாண்டக் கூடாது.