கொழும்பில் ஒல்லாந்தர் ஊரை எங்கே தேடுவது?

வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் ‘கோட்டை’யில் இறங்குகிறவர் உண்மையில் கோட்டைக்குள் இறங்குவதில்லை. 1917இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் நிற்பது புறக்கோட்டையில். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் “பழைய ஐரோப்பிய ஊரைக் காட்டுங்கோ” என்று கேட்டால், நம்மில் பலர் நிலைய வாசலில் இடப்பக்கம் திருப்பி அவரைக் கோட்டைக்குத்தான் கூட்டிப்போகிறோம். வந்தவருக்குச் சப்பென்றாகிவிடுகிறது. காலியில் பார்த்ததுபோல மதில் எங்கே என்று கேட்பார். ஊர் மதிலுக்குள் அடங்காமல் வளர்ந்துவிட்டது என்று ஆங்கிலேயர் அதை 1869 முதல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கோட்டையில் இன்று கண்ணில் படுவது பெரும்பாலும் ஆங்கிலேயர் காலத்துக் கொழும்பு. சதாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் கட்டியது. சில காலம் வெளிச்சவீடாகவும் இருந்தது. கார்கில்ஸ் சிவப்புக் கட்டடம் 1906ஆம் ஆண்டினது. ஒல்லாந்தரின் பெயர் சொல்ல நிற்பது அவர்களுடைய பழைய ஆசுபத்திரி. 1681இலேயே அது இயங்கியதற்குப் பதிவு உண்டு. இப்போது அங்கே சாப்பாட்டுக் கடைகள். நோயாளிகள் படுத்த விறாந்தையில் நண்டுக் கறி பரிமாறுகிறார்கள்.

ஒல்லாந்தர் ஊரைப் பார்க்க வேண்டுமானால் இடப்பக்கம் திரும்பாமல் நேரே தெருவைக் கடந்து புறக்கோட்டைக்குள் நுழையுங்கள். ஏறத்தாழ ஏழு மாத முற்றுகைக்குப் பிறகு 1656 மே 12இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பு ஒல்லாந்தர் கைக்கு வந்தது. அவர்களுடைய தளபதி ஹல்ஃப்ட் அதைக் காணவில்லை. ஒரு மாதம் முன்னரே சுடப்பட்டு இறந்துவிட்டார். இன்றைக்கு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அவருடையதுதான். பிடித்த ஊர் காவல் காக்க முடியாத அளவு பெரிதாக இருந்ததால் ஒல்லாந்தர் அதைச் சுருக்கினார்கள். கடலோர முனை படைக்கும் நிர்வாகத்துக்கும், கிழக்கே குடியிருப்பு.

அந்தக் குடியிருப்பின் தெருக்கள்தான் இன்றைய புறக்கோட்டை. முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து ஐந்தாம் குறுக்குத் தெரு வரை நூல் பிடித்தாற்போல ஓடுவதைக் கவனியுங்கள். வீடுகள் பெரும்பாலும் போய்விட்டன, கோடு மாறவில்லை. அந்தக் காலத்து வீட்டின் உள்ளமைப்பை அறிய பிரின்ஸ் வீதியில் ஒன்று மிஞ்சியிருக்கிறது: 1692 முதல் 1697 வரை ஆளுநராக இருந்த தோமஸ் வான் ரீயின் மாளிகை. தெருப்பக்கம் பெரிய தூண்கள், உயர்ந்த கூரை, பின்னால் முற்றம். 1982இல் அது ஒல்லாந்தர் நூதனசாலையானது. எதிரே துணிக்கடைச் சத்தத்தில் பலர் அதைத் தாண்டியே போய்விடுகிறார்கள்.

பிரதான வீதி முடியும் பக்கம் ஒரு மணிக்கூண்டு தெரியும். ஊரின் கிழக்கு வாசல் அங்கேதான் இருந்தது. அதைத் தாண்டி மேடேறினால் வுல்ஃபெண்டால் தேவாலயம். என் பார்வையில் கொழும்பின் ஒல்லாந்துக் கட்டடங்களில் முதலிடம் இதற்குத்தான். 1749இல் தொடங்கி 1757இல் திறந்தார்கள். சிலுவை வடிவம், ஏறத்தாழ ஐந்தடி கனமான சுவர்கள். சிலை இல்லை, சித்திரம் இல்லை. தரையில் குடும்பச் சின்னங்கள் செதுக்கிய கல்லறைப் பலகைகள்; அவற்றின் மேல்தான் நடக்க வேண்டும். கோட்டைக்குள் புதைத்திருந்த ஆளுநர்கள் சிலரின் எச்சங்களையும் 1813இல் இங்கே கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு வெறுமையான கோயிலுக்குச் சற்றுத் தள்ளிக் கொட்டாஞ்சேனையில் சாந்த லூசியா பேராலயத்தின் பெரிய குவிமாடம் எழுவதற்கும், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் எல்லா மதத்தவரும் மெழுகுதிரியோடு வருவதற்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில்தான் நாட்டுக்குள் நுழைய முடிந்தது. ஆங்கிலேயர் 1806இல் தடைகளை நீக்கிய பிறகே இந்தப் பேராலயமெல்லாம் எழுந்தது.

நடக்க ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. புறக்கோட்டைக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும், நாட்டாமிகளின் வண்டிகளுக்கு ஒதுங்கத் தேவையில்லை, பெயர்ப்பலகைகளுக்கு மேலே பழைய மாடிகள் தெரியும். வுல்ஃபெண்டாலில் மட்டும் ஆராதனை முடியும்வரை வெளியே நிற்க வேண்டிவரும்.