மறுவாழ்வு மருத்துவர்

சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு சமவெளியை அடையும் பகுதியில் அமைந்த பழைய ஊர் செங்கம். மலைபடுகடாம் போற்றும் நன்னனது செங்கண்மா இவ்வூரே என்பர் அறிஞர். ஊரை அடுத்த மலைச் சிற்றூர்களில் வாழ்வோர்க்குச் சாமையும் புளியும் தேனும் பலாவும் வாழ்வளிக்கும் பொருள்கள். புளி உலுக்கவும் தேன் எடுக்கவும் மரம் ஏறியே ஆகவேண்டும். ஏறுவோர் கைதேர்ந்தவரே, ஆயினும் பற்றிய கிளை முறிந்துவிட்டால் அத்தேர்ச்சி உதவுவதில்லை. நம் நாட்டில் தண்டுவடம் சிதைவதற்குச் சாலை விபத்தும், மரம் முதலிய உயரமான இடங்களிலிருந்து விழுதலுமே பெருங்காரணங்களாக உள்ளன.

முதுகெலும்பு என்பது 33 முள்ளெலும்புகளை அடுக்கியது போன்றதொரு தூண். அதன் உள்ளே, ஏறக்குறையச் சுண்டுவிரற் பருமனில், தண்டுவடம் செல்கிறது. மூளையின் ஆணையைக் கைகால்களுக்கு எடுத்துச் செல்வதும், அவற்றின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு வருவதும் அதுவே. முறிந்த எலும்பு கூடும். அறுந்த தண்டுவடம் மீண்டும் வளர்வதில்லை. ஆதலின், விழுந்தவரை உடனே தூக்கி உட்காரவைத்தலும், துணித்தொட்டில் கட்டிச் சுமந்து செல்லுதலும் பெருந்தீங்காய் முடியும். தொட்டிலில் முதுகு வளைகிறது. வளையும்போது, முறிந்த எலும்பின் முனை, எஞ்சியிருக்கும் வடத்தையும் நசுக்கிவிடக்கூடும். கதவுப் பலகை ஒன்றில் தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்கோட்டில் அசையாதிருக்கக் கிடத்திக் கொண்டு செல்வதே தக்கது. சாலையில்லாத மலையூர்களில் இஃது எளிதன்று. ஆயினும் ஒருவர் பிற்காலத்தில் நடப்பதும் நடவாததும் சிலபோது அந்தப் பலகையைப் பொறுத்தே அமையும்.

அறுவை மருத்துவர் எலும்பைச் சேர்த்து நிறுத்துகிறார். உயிர் தப்புகிறது. அதன்பின் என் செய்வது? இந்த வினாவுக்கு விடை காண்பவரே மறுவாழ்வு மருத்துவர். இவர் பொதுமருத்துவப் பட்டம் பெற்றபின், உடலியக்க மருத்துவமும் மறுவாழ்வும் என்னும் துறையில் மேலும் மூன்றாண்டு பயின்று மேற்பட்டம் பெறுபவர். உடற்பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவரையும் இவரையும் ஒருவரே எனப் பலர் கருதுவர். அது சரியன்று. இயன்முறை மருத்துவர், கைத்தொழில்வழிப் பயிற்சி தருவோர், செயற்கை உறுப்புச் செய்வோர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகிய அனைவரையும் ஒன்றுகூட்டி, ஒரு நோயாளியின் நலன் நோக்கிச் செலுத்துபவர் இவர். தண்டுவடச் சிதைவு மட்டுமன்றிப் பக்கவாதம், மூளைக் காயம், கால் இழப்பு, குழந்தைகளின் மூளை முடக்குவாதம் ஆகியனவும் இவர்தம் கடமையுள் அடங்கும்.

இத்துறை இளமையானது. இரண்டாம் உலகப்போருக்கு முன்பு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தோர் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளுள் இறந்தனர். அவர்களைக் கொன்றது தண்டுவடக் காயமன்று. படுக்கைப்புண்ணும் சிறுநீர்ப்பை நோயும் ஆகும். உணர்விழந்த தோலில் எலும்பு அழுத்தும் இடத்துக்குக் குருதி செல்லாது. நலமுடையோர் உறக்கத்திலும் தம்மை அறியாமலே புரண்டு படுப்பர். இவர்க்கு வலி தெரியாமையால் புரளத் தோன்றாது. சில மணி நேரத்திலேயே புண் தொடங்கிவிடும். செருமனியிலிருந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், 1944-ஆம் ஆண்டில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இத்தகையோர்க்கெனத் தனிப்பிரிவு ஒன்றை ஏற்றார். இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும் தவறாது, நோயாளியைத் திருப்பிப் படுக்கச் செய்தார். மருந்தினும் இந்த எளிய செயலே பலரைக் காத்தது எனலாம். 1948-இல் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தோர்க்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுவே வளர்ந்து, 1960-இல் ரோம் நகரில் பாராலிம்பிக் விளையாட்டாயிற்று. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோ நகரில் உயரந்தாண்டிப் பொற்பதக்கம் வென்றது அவ்விளையாட்டில்தான்.

மறுவாழ்வு மருத்துவர் கேட்கும் வினாக்கள் முதலில் வியப்பூட்டும். வீட்டு வாயிலில் எத்தனை படிகள்? கதவின் அகலம் எவ்வளவு? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? முன்பு செய்த தொழில் என்ன? நகரத்து வழவழப்பான தரையில் ஓடும் நாற்காலி, கல்லும் மேடுமான மலைப்பாதையில் ஓடாது. தரையில் அமர்ந்து உண்ணும் வீட்டில், உயர்ந்த கட்டிலைக் காட்டி மட்டும் பழக்கிப் பயனில்லை. நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கவும், தரையிலிருந்து கையூன்றி ஏறவும் பயிற்சி வேண்டும். சிறுநீர்ப்பையைத் தூய மெல்லிய குழாயால் குறித்த நேரங்களில் தாமே வெறுமையாக்கும் முறையையும் கற்பிப்பர். இதைப் பேச நாணி மறைப்போரே சிறுநீரகம் கெட்டுத் துன்புறுகின்றனர். தோள்வலிமை உடையவர், கால்களுக்கு இரும்புத் தாங்கிகள் அணிந்து ஊன்றுகட்டைகளின் துணையால் நிற்கவும் சிறிது நடக்கவும் பழகுவதுண்டு.

செங்கம் வட்டம் நெடுங்காலம் வடஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1989-இல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. அப்பழைய மாவட்டத்தின் தலைநகராகிய வேலூரிலேயே இம்மருத்துவம் நம் நாட்டில் ஆழ வேரூன்றியது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கில மருத்துவர், 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நலமான தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்த ஒருவர், கை நேரானபின் பிச்சை இடுவோர் குறைந்தனர் என்று முறையிட்டாராம். நகைப்புக்குரியது போல் தோன்றும் இம்முறையீட்டில் நியாயம் இருந்தது. தொழிலும் இன்றி, முன்னைய பிழைப்பும் இன்றி அவர் எங்ஙனம் உண்பார்? பிராண்ட், அத்தகையோர் தங்கித் தச்சு முதலிய கைத்தொழில் கற்கும் சிறு குடியிருப்பு ஒன்றை அமைத்தார்.

அக்கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் அம்மையார், கொச்சியை அடுத்த செறாயியில் 1925-இல் பிறந்தவர். மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெறுவதே அவர் விருப்பம். 1954-ஆம் ஆண்டு, உடன் பணிபுரிந்தோருடன் சென்ற ஊர்தி கவிழ்ந்தது. அம்மையாரின் முகம் சிதைந்தது. இடுப்புக்குக் கீழ் உடல் செயலற்றது. தம் மருத்துவ வாழ்வு முடிந்தது என்றே அவர் எண்ணினார். தொழுநோயாளரின் கைகளில் செய்யும் அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் அன்றோ என்று பிராண்ட் வழி காட்டினார். கால்கள் இயங்காவிடினும் அம்மையாரின் கைகள் பழுதுபடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் அறுவை மருத்துவம் செய்யத் தொடங்கினார்.

அவர் அதனோடு நின்றிருந்தாலும் புகழ் பெற்றிருப்பார். ஆனால், பிறர் கைகளை நிமிர்த்திய அவர்க்கே, தம்மைத் தாம் பேணிக்கொள்ளும் முறையைக் கற்பிக்க வல்லார் அந்நாளில் அருகில் இல்லை. ஆத்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சென்று அங்கு அதைக் கற்றார். பின்னர் நியூயார்க்கில், இத்துறையின் முன்னோடியாகிய ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1960-களின் முற்பகுதியில் வேலூர் திரும்பி, அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

அந்நிலையத்தில் நோயாளியோடு அவர் குடும்பத்தாரும் தங்குவர். புண் வராமல் தோலை நாளும் கண்ணாடி கொண்டு பார்ப்பது எப்படி, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எப்படி என்பவற்றை அவர்களும் கற்பர். இந்திய அரசு 1972-இல் அம்மையார்க்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1986-இல் அவர் மறைந்தார். அவர் பணியாற்றிய காலத்தில், இனி எழவே இயலாது என்று அழுதுகொண்டு வந்து சேர்ந்த புதிய நோயாளி, தம்மைச் சோதிக்க வரும் மருத்துவரும் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டே வருவதைக் கண்டார்.