வெள்ளாட்டின் விளையாட்டும் வீட்டுத் தமிழும்

பெங்களூரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களின் சிறுவர்களிடம், “ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்” என்னும் பழமொழிக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள். ஓநாயின் வஞ்சகத்தை உடனே கூறிவிடுவார்கள். ‘எத்தனையோ விலங்குகள் இருக்க, நனைவதற்கு ஆட்டை ஏன் கூறினார்கள்?’ என்று வினவினால் விழிப்பார்கள். அவர்கள் ஆட்டைக் காண்பது இறைச்சிக் கடையிலும், பக்ரீத்துக்கு முன்னர்க் கூடும் ஆட்டுச் சந்தையிலுமே அன்றோ!

அதற்குரிய விடை சிறு பண்ணையில் இருக்கிறது. ஓசூருக்கு அப்பால் என் மாமனார் சில வெள்ளாடுகள் வளர்த்து வருகிறார். அவை சேலம் கருப்பு இனத்தைச் சேர்ந்தவை. உடல் முழுவதும் கரிய நிறம். ஆயினும் அவற்றுக்குப் பெயர் வெள்ளாடே! வானிலிருந்து நான்கு துளிகள் விழுந்தாற் போதும். மேய்ச்சலை மறந்து ஓடி வந்து, திண்ணையில் ஏறி, வீட்டுக்குரியவர் போல் அமர்ந்துகொள்ளும். மழையை வெள்ளாடு அவ்வளவு வெறுக்கும். நனைந்த ஆட்டின் துன்பத்தை அறிந்தவர் வாயிலன்றி அப்பழமொழி பிறந்திராது.

செம்மறி தலை குனிந்து புல் மேயும். வெள்ளாடோ தழையை நாடி நிமிரும். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களை மரத்தில் ஊன்றி, முருங்கைக் கிளையை வளைக்கும் காட்சி சர்க்கஸ் வித்தைக்குச் சற்றும் குறைந்ததன்று. குட்டிகளோ படுத்திருக்கும் தாயின் முதுகையே குன்றாகக் கருதி ஏறிக் குதிக்கும். கொடியில் உலரும் துண்டையும் வாயால் இழுத்துச் சோதிக்கும். மேற்புறத்தில் முன்பற்கள் இல்லாத அப்பிராணிக்கு உதடுகளே கைகள்.

இவ்வாறு கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் ஆடும் சிலவற்றைத் தொடாது. அதனை நம் முன்னோர் கூர்ந்து நோக்கி, ஆடாதொடை என்றும், ஆடுதீண்டாப்பாளை என்றும் செடிகளுக்குப் பெயரிட்டனர். தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களைக் கூறுகிறது. ஆட்டோடு வாழ்ந்தவர் மொழியன்றோ நம் மொழி!

படலின் தாழ்ப்பாளை மூக்கால் நெம்பித் திறக்கும் கள்ளத்தனமும் அதற்கு உண்டு. இது வெறும் குறும்பன்று. இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கயிற்றை இழுத்து, நெம்புகோலை உயர்த்தினால் உணவு கிடைக்கும் பெட்டி ஒன்றை 12 ஆடுகளின் முன் வைத்தனர். 9 ஆடுகள் அவ்வித்தையைக் கற்றன. 10 மாதங்கள் கழிந்த பின்னரும் மறக்கவில்லை!

இத்தனை விளையாட்டுக்கும் பின்னால் ஓர் ஏழைக் குடும்பத்தின் வாழ்வு இருக்கிறது. வெள்ளாடு சினையுற்று ஏறக்குறைய 150 நாட்களில் ஈனும். பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள். அவையே அக்குடும்பத்தின் சேமிப்பு வங்கி. பள்ளிக் கட்டணம் செலுத்தவேண்டிய மாதத்தில் கிடாயொன்று சந்தைக்குப் போகும். நேற்றுவரை அதன் துள்ளலைக் கண்டு சிரித்த என் மாமியார், அன்று மட்டும் அது போகும் வழியை நோக்கமாட்டார்.

நம் பிள்ளைகள் தமிழ் எழுத்துக்களைக் கற்கின்றனர், மகிழ்ச்சியே. ஆயின் அச்சொற்களைப் பெற்றெடுத்த ஆட்டையும் செடியையும் மழையையும் காணாவிடில், பழமொழி அவர்களுக்கு மனப்பாடமாகவே நின்றுவிடும். ஆகவே அன்பர்களே, அடுத்த விடுமுறையில் ஓசூர், தர்மபுரி வழியாகச் சேலம் செல்லும் ரயிலில் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். உறவினர் கொல்லையில் ஒரு நாள் ஆட்டுக்குட்டியின் பின்னே ஓடவிடுங்கள். ஒரு பருவத்துப் பாடம் கற்பிப்பதை அந்த ஒரு நாள் கற்பிக்கும்.