வெயிலுக்கு ஒரு குதிர்



சித்திரை மாதத்து இரவில் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டின் மொட்டை மாடித் தரையில் கை வைத்துப் பாருங்கள். கதிரவன் மறைந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். தரையோ இன்னும் சுடும். பகலெல்லாம் உண்ட வெப்பத்தைக் கல்லும் காரையும் சிறுகச் சிறுக வெளியிடுகின்றன. உறக்கத்தைக் கெடுக்கும் இந்தச் செயலில், மின்சார உற்பத்திக்குப் பயன்படக்கூடிய ஓர் உண்மை அடங்கியிருக்கிறது.

கதிரவன் தரும் ஆற்றலுக்குக் குறைவில்லை. குறையெல்லாம் அது வரும் வேளையில்தான். வீடுதோறும் விளக்கேற்றும் நேரத்தில் அது விடைபெற்றுக்கொள்கிறது. அப்போது நிலக்கரியை எரிக்கும் மேட்டூர் அனல் மின்நிலையம் போன்றவற்றையே நாடவேண்டியிருக்கிறது. தை மாதத்தில் அறுத்த நெல்லை நம் முன்னோர் ஆண்டு முழுவதும் உண்டது எவ்வாறு? குதிரில் சேர்த்து வைத்ததனால் அன்றோ! 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் தண்ணீருக்கு அமைந்த குதிரே. வெயிலுக்கும் அத்தகைய குதிர் உண்டா?

உண்டு. ராஜஸ்தானத்தில் ஆபு ரோடு என்னும் ஊரில், பிரம்ம குமாரிகள் அமைப்பினர் இந்திய, ஜெர்மானிய அரசுகளின் உதவியோடு 'இந்தியா ஒன்' என்ற சூரிய அனல் மின்நிலையத்தை நிறுவினர். 2017-இல் இயங்கத் தொடங்கிய அதன் திறன் 1 மெகாவாட். அங்கே 770 குழியாடிகள் கதிரவனைப் பின்தொடர்ந்து திரும்புகின்றன. ஒவ்வொன்றின் பரப்பும் 60 சதுர மீட்டர். ஒவ்வோர் ஆடியும் தன்மேல் விழும் ஒளியை ஒரு வார்ப்பிரும்புக் கட்டியின்மேல் குவிக்கிறது. கட்டி பல நூறு டிகிரி சூடேறுகிறது. வெப்பம் வெளியேறாதவாறு அதற்குப் போர்வையும் உண்டு. மின்சாரம் வேண்டும்போது இரும்போடு இணைந்த குழாய்களில் நீரைச் செலுத்தினால் நீராவி எழுந்து சுழலியைச் சுற்றுகிறது. 16 மணி நேரத்துக்கு வேண்டிய வெப்பத்தைச் சேமித்துத் தொடர்ந்து இயங்குமாறு இந்நிலையம் திட்டமிடப்பட்டது.

நீரை விட்டு இரும்பைத் தேர்ந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். எடைக்கு எடை பார்த்தால், ஒரு டிகிரி சூடேறும்போது நீர் கொள்ளும் வெப்பத்தில் ஒன்பதில் ஒரு பங்கையே இரும்பு கொள்ளும். ஆனால், திறந்த கலத்திலுள்ள நீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்போ அதைப்போல் பன்மடங்கு சூட்டைத் தாங்கும். வெப்பநிலை உயர உயர, வெப்பத்திலிருந்து பெறக்கூடிய வேலையின் பங்கும் உயரும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ 1824-லேயே காட்டினார்.

உருகிய உப்பையும் இவ்வாறு பயன்படுத்தலாம். ஸ்பெயின் நாட்டில் 2011-இல் தொடங்கிய ஜெமாசோலார் நிலையத்தில், சோடியம் நைட்ரேட்டும், வெடியுப்பு என நாம் வழங்கும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த உப்பு 565 டிகிரி வரை சூடேற்றப்படுகிறது. வெயில் நின்றபின் 15 மணி நேரம் மின்சாரம் தருவதற்கு அது போதும்.

எனினும், இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. ஆடிகள் நேர்வெயிலையே குவிக்கும். மேகத்தினூடே சிதறி வரும் ஒளி அவற்றுக்குப் பயன்படாது. இரவைக் கடத்தும் இரும்பு, ஐப்பசி அடைமழையைக் கடத்தாது. சூரியப் பலகைகளும் மின்கலங்களும் விலை மிகக் குறைந்துவிட்டமையால், மின்சாரத்துக்கு அவ்வழியே இன்று பெரிதும் நாடப்படுகிறது.

அப்படியாயின் வெப்பக் குதிர் வீண்தானா? அன்று. வெப்பத்தை மின்சாரமாக்கும்போது அதில் பெரும்பகுதி கழிந்துபோகிறது. வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்தினால் அந்த இழப்பு இல்லை. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மாவு மணிகளை வறுப்பதற்கும், சாயப்பட்டறைகளில் நீரைக் காய்ச்சுவதற்கும் வேண்டுவது வெப்பமே. அதற்காக எரியும் விறகையும் எண்ணெயையும் மிச்சப்படுத்தினால், ஆலைக்கும் ஆதாயம். காட்டுக்கும் காற்றுக்கும் நன்மை.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு டன் இரும்பை 100 டிகிரி சூடேற்றினால் அதில் ஏறத்தாழ 13 யூனிட் வெப்பம் தங்கும். இரவில் 100 யூனிட் வெப்பம் வேண்டிய ஒரு சிற்றாலையில், இரும்பை 200 டிகிரி சூடேற்றி வைப்பதானால் எத்தனை டன் வேண்டும்? ஏறத்தாழ 4 டன் என்று விடை வரும். அது ஒரு சிறு லாரியில் அடங்கும் சுமைதான்.