அப்புச்சி கதையும் ஆயிரம் ரூபாய் மைக்கும்!

'மச்சி, நாம ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிப்போம்டா'ன்னு உங்க கேங்கிலும் ஒருத்தர் இந்நேரம் சொல்லியிருப்பார். அடுத்த செகண்டே இன்னொருத்தர், 'எந்த மைக் வாங்கறது?'ன்னு கேட்டிருப்பார். அதோட கேன்டீன் டீயும் ஆறியிருக்கும், பாட்காஸ்ட்டும் ஆறியிருக்கும். கரெக்ட்டா?

நான் கொஞ்சம் வேற கேஸ். மைக்கைப் பத்தி யோசிக்காமலே ஆரம்பிச்சு, ஒரு அருமையான கதையைக் கோட்டை விட்டவன். முதல்ல அந்தச் சோகத்தைக் கேளுங்க. அப்புறம் மைக் வாங்கலாம்.

ஃபேன் கொடுத்த பேட்டி

எனக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம். நீலகிரியில் விளையற உருளைக்கிழங்கும் பூண்டும் மலையிறங்கி எங்க ஊர் மண்டிகளுக்குத்தான் ஏலத்துக்கு வரும். எங்க அப்புச்சி (அம்மாவோட அப்பாவை கொங்குப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) 40 வருஷம் அந்த மண்டியிலேயே இருந்தவர். மூட்டைக்குள் கையை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்தே, கிழங்கு எந்தப் பக்கத்துதுன்னு சொல்லிடுவார்.

போன வருஷம் மே மாசம் லீவுல அவரை உட்கார வச்சுப் பேச விட்டேன். மனுஷன் பிச்சு உதறிட்டார்! நடுராத்திரி லாரிகள், ஏலத்துல கண் ஜாடையிலேயே நடக்கிற பேரம், மழையில மலைப்பாதை அடைபட்டு மூட்டையெல்லாம் அழுகிப்போன வாரம்... ஒரு மணி 40 நிமிஷம். என் போன் மேஜை மேல சமர்த்தா ரெக்கார்ட் பண்ணிட்டு இருந்தது.

ஹாஸ்டலுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டா... தலைக்கு மேல சுத்தின சீலிங் ஃபேன்தான் பேட்டி கொடுத்திருக்கு. அப்புச்சி வெறும் பின்னணி இசை!

தீபாவளிக்குப் போனப்ப, 'ஏனுங்க அப்புச்சி, இன்னொருக்கா சொல்லுங்க'ன்னு கேட்டேன். 'அதான் அன்னிக்கே சொல்லிட்டனே கண்ணு'ன்னு 20 நிமிஷத்துல முடிச்சுட்டார். அதுக்குள்ள பல்லையெல்லாம் எடுத்துட்டு பல் செட் வேற வச்சாச்சு. குரலே மாறிப்போச்சு. அவரோட பழைய குரல் இப்போ அந்த ஃபேன் சத்தத்துக்குள்ள மட்டும்தான் இருக்கு. என்னென்னவோ சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். ஃபேனைக் குறைச்சா, அப்புச்சி கிணத்துக்குள்ள இருந்து பேசறார்.

கதை ஒரு தடவைதான் முழுசா வரும் பாஸ். அதனாலதான் இந்தப் பாடம்.

மைக்குக்கும் ஜாதகம் உண்டு

மைக்குல ரெண்டு பெரிய குடும்பம். முதலாவது, டைனமிக். ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல படிச்ச மின்காந்தத் தூண்டல்தான். காந்தத்துக்குள்ள ஒரு குட்டிக் கம்பிச்சுருள் ஆடும், கரன்ட் வரும். மேடைக் கச்சேரிகள்ல பார்க்கிற ஷூர் எஸ்.எம்.58 இந்த வகைதான். 1966-ல வந்த மாடல், இன்னும் ஓடுது. வாய்க்குப் பக்கத்துல வச்சுப் பேசினா பிரமாதம். தூரத்துச் சத்தத்தை அவ்வளவா கண்டுக்காது. சத்தமான வீட்டுக்கு இதுதான் தோஸ்த்.

ரெண்டாவது, கண்டென்சர். உள்ளே இருக்கிறது ஒரு கெபாசிட்டர். ரொம்ப சென்சிட்டிவ். மூச்சு விடறதுகூடக் கேட்கும். பக்கத்து வீட்டு மிக்ஸியும் சேர்ந்து கேட்கும்! பெரிய ஸ்டுடியோ மாடல்களுக்கு 48 வோல்ட் 'பாண்டம் பவர்' தனியா கொடுக்கணும்.

சட்டையில் குத்திக்கிற காலர் மைக்கும் கண்டென்சர் குடும்பத்துப் பொடியன்தான். பேரு எலெக்ட்ரெட். 1962-ல பெல் லேப்ஸ்ல ஜேம்ஸ் வெஸ்ட், ஜெர்ஹார்ட் செஸ்லர்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது. உங்க பாக்கெட்ல இருக்கிற போனுக்குள்ள இருக்கிறதும் அந்த வம்சம்தான்.

பர்ஸுக்கு ஏத்த மைக்

பர்ஸ் காலியா? போன் போதும், ஆனா பக்கத்துல வைங்க. தூரம் பாதியானா குரல் 6 டெசிபல் கூடும். அப்புச்சிக்கும் போனுக்கும் நடுவுல 4 அடி இருந்தது. ஒரு அடிக்கு நகர்த்தியிருந்தா 12 டெசிபல் ஃப்ரீயா கிடைச்சிருக்கும். ஃபேன் சத்தம் ஏறியிருக்காது. பத்து பைசா செலவில்லை!

ஆயிரம் ரூபாய் இருக்கா? ஒயர் வச்ச காலர் மைக். போயா பி.ஒய்.எம்1 மாதிரி மைக்குல 6 மீட்டர் ஒயர் வருது. நெஞ்சுல, வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்தணும். பேசறவர் மைக்கையே மறந்துடுவார். பெரியவங்க பேட்டிக்கு இதுதான் என் ஓட்டு. வாங்கறதுக்கு முன்னாடி உங்க போன்ல 3.5 எம்.எம். ஓட்டை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா டைப்-சி கன்வெர்ட்டர் தனியா வாங்கணும்.

ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து பங்கு போட்டா? யு.எஸ்.பி. மைக்கோ, ஜூம் ஹெச்1 மாதிரி கையடக்க ரெக்கார்டரோ வாங்கலாம். ப்ளூ யெட்டி மாதிரி யு.எஸ்.பி. மைக்குக்கு உச்சந்தலையில பேசாதீங்க. அதுக்குக் காது பக்கவாட்டுல இருக்கு. நிறைய பேர் இங்கதான் சொதப்பறாங்க.

யூடியூப் பேட்டிகள்ல வருதே ஒரு கறுப்பு பீரங்கி, ஷூர் எஸ்.எம்.7பி... மைக்கேல் ஜாக்சன் 'த்ரில்லர்' பாட அதோட அண்ணன் எஸ்.எம்.7-தான் உபயோகப்பட்டது. ஆனா விலை 30 ஆயிரத்தைத் தாண்டும். நல்ல பவர்ஃபுல் ப்ரீஆம்ப் இல்லைன்னா முணுமுணுக்கும். அது இப்போதைக்குக் கனவுல இருக்கட்டும்!

மண்டி குடோனே ஸ்டுடியோ

மைக்கை விட முக்கியம் இடம். ரூமுக்கு நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டுங்க. 'டங்'குன்னு திரும்பி வந்தா அந்த ரூம் வேண்டாம். மொசைக் தரை, வெறும் சுவர், கண்ணாடி... எல்லாம் எதிரொலி ஆசாமிகள். மெத்தை, போர்வை, துணி தொங்கற பீரோ எல்லாம் நம்ம ஆளுங்க.

எனக்குக் கிடைச்ச பெஸ்ட் ஸ்டுடியோ எது தெரியுமா? மத்தியான நேரத்துல ஆள் இல்லாத மண்டி குடோன்! சுத்தி அடுக்கின சாக்கு மூட்டைங்க எதிரொலியை அப்படியே விழுங்கிடுது. கை தட்டினா, தட்டின சத்தத்தோட சரி.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடி ஃபேன், ஏ.சி., ஃப்ரிட்ஜ் எல்லாம் ஆஃப். போன் ஃபிளைட் மோடு. பேச்சு முடிஞ்சதும் 30 செகண்ட் எல்லாரும் கம்முனு இருங்க. அந்த வெறும் ரூம் சத்தமும் பதிவாகட்டும். பின்னாடி இரைச்சலைக் குறைக்கறப்போ சாஃப்ட்வேருக்கு அதுதான் சாம்பிள்.

மலை ரயில் சொல்லிக்கொடுத்தது

எபிசோடுக்கு ஆரம்ப மியூசிக்கா எங்க ஊர் ஸ்டீம் என்ஜின் சத்தத்தையே வைக்கலாம்னு ஆசை. 1899-ல குன்னூர் வரை ஓட ஆரம்பிச்ச ரயில், 2005-ல யுனெஸ்கோ பட்டியலில் ஏறினது. சும்மாவா? காலை 7.10-க்கு கிளம்பற வண்டிக்காக முன்பக்கம் மைக்கோட நின்னேன். பெட்டிகள் போச்சு... அப்புறம்தான் என்ஜின் வந்தது! ஏறும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கிட்டுப் போகும்ங்கறதை, இந்த ஊர்லயே பிறந்த நான் மறந்துட்டேன்.

அதுகூடப் பரவாயில்லை. பேச்சுக்கு வச்ச லெவல்லயே விட்டுட்டேன். விசில் ஊதினதும் மீட்டர் சிவப்புல முட்டி, சத்தம் தகரம் கிழியற மாதிரி ஆகிடுச்சு. இதுக்குப் பேரு கிளிப்பிங். உடைஞ்ச அலையை ஒழுங்கா ஒட்ட வைக்க முடியாது. அதனால உரக்கப் பேசற இடத்துலகூட மீட்டர் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6-க்குள்ள இருக்கட்டும். குறைஞ்சிருந்தா பின்னாடி ஏத்திக்கலாம்.

அடுத்த நாள் கல்லாறு போனேன். பல்சக்கரத் தண்டவாளம் ஆரம்பிக்கிற இடம். இந்தத் தடவை காத்து அடிச்சு கெடுத்தது. மைக்குக்கு ரோமத் தொப்பி போடுங்கன்னு சொல்றது சும்மா அழகுக்கு இல்லை மக்களே!

எடிட்டிங் டேபிள்

2000-ல வந்த 'அடாசிட்டி' இன்னும் இலவசம்தான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினா, நம்ம ஊர் கரன்ட்டோட 50 ஹெர்ட்ஸ் ஹம் பெருமளவு அடங்கும். ஒரிஜினலை வேவ் ஃபைலா வைங்க. மோனோவுல ஒரு மணி நேரம் சுமார் 320 எம்.பி. அதுக்கு ரெண்டு காப்பி, ரெண்டு இடத்துல. வெளியிட 64 கேபிபிஎஸ் எம்.பி.3 போதும், 30 எம்.பி.க்குள்ள அடங்கிடும்.

இன்னொண்ணு. ரெக்கார்ட் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி, எதுக்காக, யாருக்குப் போட்டுக் காட்டப் போறீங்கன்னு சொல்லி சம்மதம் கேளுங்க. சொந்த அப்புச்சியா இருந்தாலும்!

நம்மளால முடியுமான்னு தயங்காதீங்க. 2004 பிப்ரவரியில லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில பென் ஹாமர்ஸ்லி 'பாட்காஸ்டிங்'ங்கற வார்த்தையை எழுதினப்ப, சென்னையில அண்ணா எஃப்.எம். கேம்பஸ் ரேடியோவும் அதே மாசம்தான் பிறந்தது. எங்க ஊர்லேருந்து மலையேறினா கோத்தகிரியில ஒரு சமுதாய வானொலி, பழங்குடி மக்களோட மொழிகள்லயும் பேசுது.

கடைசியா... இந்தப் பொங்கல் லீவுல அப்புச்சியை அந்த குடோனுக்கே கூட்டிட்டுப் போனேன். காலர் மைக் குத்தி, ரெண்டு நிமிஷம் பேச வச்சு, ஹெட்போனை அவர் காதுல மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

'இது என்ற கொரலா கண்ணு? பல்லு போனதுக்கப்புறம் எங்கய்யன் பேசற மாதிரியே இருக்குதே!'

அப்புறம் மண்டியைப் பத்தி அவர் பேசவே இல்லை. அவரோட அய்யனைப் பத்தி, நான் அதுவரைக்கும் கேட்காத கதையா 50 நிமிஷம் பேசினார். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா இருக்கு. ரெண்டு காப்பியும் பத்திரம்!

உங்க வீட்லயும் ஒரு அப்புச்சியோ ஆத்தாவோ கதையோட காத்திருப்பாங்க. மைக் அப்புறம் வாங்கிக்கலாம். இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போங்க, பக்கத்துல உட்காருங்க. முதல்ல அந்த ஃபேனை ஆஃப் பண்ணுங்க பாஸ்!