ஆள் சேர்த்துவிடும் தொழில்

"கடையில் சரக்குக்குக் குறைவில்லை, எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை" என்ற பேச்சு எழாத சங்கக் கூட்டமே இல்லை. ஒரு காலத்தில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து உறவு முறையில் பையன்கள் வந்தார்கள். எடை போட்டு, பொட்டலம் மடித்து, பேரேடு எழுதப் பழகி, சில ஆண்டுகளில் தாங்களே கடை வைத்தார்கள். நம்மில் பலர் அப்படி வந்தவர்கள்தானே! அந்த வரத்து இன்று குறைந்துவிட்டது. ஆள் சேர்த்துவிடுகிறவர்களை நம்பித்தான் பல கடைகள் நடக்கின்றன. அந்தத் தொழிலைப் பற்றி, எங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறோம்.

எங்கள் மளிகைக் கடை அண்ணன் தம்பி இருவர் நடத்துவது. வேலைக்கு ஐந்து பேர். சில ஆண்டுகளுக்கு முன் தரகர் ஒருவர் மூலம் இருபது வயதுப் பையனைச் சேர்த்தோம். தரகர் எங்களிடம் ஒரு தொகை வாங்கிக் கொண்டார். பையன் சுறுசுறுப்பானவன். ஆனால் பத்தொன்பதாம் நாள் காலையில் கடையைத் திறந்தால் ஆளைக் காணோம். சம்பளம்கூட வாங்கவில்லை. நாங்கள் முதலில் செய்த காரியம், கல்லாவை எண்ணிப் பார்த்தது. ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனாலும் தரகரைக் கூப்பிட்டுக் கோபமாகப் பேசினோம்.

நான்காம் நாள் பையனின் தகப்பனார் வந்து நின்றார். வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து நீட்டி, "முதலாளி, முன்பணத்துல பாதி இருக்கு. மீதிய அறுப்பு முடிஞ்சதும் தந்துடுறேன். பையன் மேல போலீசுக்குப் போயிடாதீங்க" என்றார்.

நாங்கள் முன்பணமே கொடுக்கவில்லை! விசாரித்ததில் விஷயம் விளங்கியது. தரகர் எங்கள் பெயரைச் சொல்லித் தம் கைப்பணத்தை அந்த வீட்டில் கொடுத்திருக்கிறார். ஓராண்டு கடையை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். மாதாமாதம் பையனிடம் வட்டியோடு வசூலிக்க ஏற்பாடு. எங்கள் கோபத்தைத்தான் அவர் போலீஸ் மிரட்டலாக மாற்றி அந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப் போடுவது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனும் செல்லாது. இது அந்தத் தகப்பனாருக்கும் தெரியாது, உண்மையைச் சொன்னால் அன்று எங்களுக்கும் தெரியாது.

பையன் ஏன் போனான் என்று கேட்டோம். "மிளகாய் மூட்டைக்குப் பக்கத்துல படுக்க முடியலன்னு சொன்னான் முதலாளி" என்றார். இரவில் இருமல் கேட்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. பத்தொன்பது நாள் சம்பளத்தை அவர் கையில் கொடுத்து அனுப்பினோம். தரகர் செய்தது பெரிய தவறு. மூட்டை அருகில் படுக்க வைத்தது எங்கள் தவறு.

அதன் பிறகு மொத்த வியாபாரி ஒருவர் இன்னொரு பெரியவரைப் பற்றிச் சொன்னார். அறுபது வயது தாண்டியவர். பதினைந்து வயதில் கொத்தவால்சாவடிக்கு வந்து காய்கறி மண்டியில் நின்றவர். 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறிய சமயத்தில் அவருடைய முதலாளி தொழிலை விட்டுவிட, இவருக்கும் காலில் நரம்பு சுருண்டு நிற்க முடியாமல் போனது. தெரிந்த கடைக்காரர்கள், "உங்க ஊர்ப் பக்கம் நல்ல ஆள் இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்கக் கேட்க, அதுவே பிழைப்பாயிற்று.

எங்கள் கடைக்கு அவர் முதலில் வாடிக்கையாளராகத்தான் வந்தார். பகல் மூன்று மணி. கால் கிலோ உளுந்து வாங்கிக் கொண்டு, எடை போட்டவனிடம், "சாப்பிட்டாச்சாப்பா?" என்றார். இல்லை என்றான். பிறகுதான் எங்களிடம் வந்து தாம் யார் என்று சொன்னார். "மூணு மணி வரைக்கும் சோறு காணாத கடைக்கு நான் ஆள் தர்றதில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். எங்களுக்குக் கோபம்தான். காசு கொடுப்பவர்கள் நாமல்லவா!

ஆறு மாதம் கழித்து நாங்களே தேடிப் போனோம். எங்கே படுப்பான், விடுமுறை எந்தக் கிழமை, சம்பளம் யார் கையில், கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார முக்காலி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். முக்காலி விஷயம் சட்டமாகவே வந்துவிட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் செய்த திருத்தப்படி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டின் அதே சட்டத்தில் வாரம் ஒரு நாள் விடுமுறையும், நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்ற கணக்கும் இருக்கின்றன. காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு அடைக்கும் கடையில் இது எளிதல்ல. வேலையை இரண்டு முறையாகப் பிரித்தால்தான் நடக்கும். நாங்கள் பிரித்தோம். செலவு கூடியது.

அண்ணாச்சி பையனிடமோ வீட்டாரிடமோ காசு வாங்குவதில்லை. கடைக்காரர்தான் கொடுக்க வேண்டும். பாதி சேரும்போது, மீதி மூன்று மாதம் கழித்து, ஆள் இருந்தால் மட்டும். அந்த மூன்று மாதத்தில் நாலைந்து முறை வந்து பையனை டீக்கடைக்கு அழைத்துப் போவார். கடையில் வைத்துக் கேட்டால் உண்மை வராது என்பார். ஒவ்வொரு ஆளுக்கும் நோட்டில் ஒரு பக்கம். வீட்டு நிலவரம், எழுதப் படிக்க வருமா, எந்த வேலைக்குக் கை வரும் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆளை எடுப்பதிலும் கறார்தான். பேச்சு சாமர்த்தியத்தை மட்டும் வைத்து அவர் யாரையும் எடுப்பதில்லை. ஊரில் ஒரு கடையில் இரண்டு நாள் நிற்க வைத்து, சின்னப் பிள்ளை சில்லறையோடு வந்தால் மீதியை எண்ணிக் கொடுக்கிறானா என்று பார்ப்பார்.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று சொல்ல மாட்டோம். அவர் தந்த மூவரில் ஒருவன் இரண்டே மாதத்தில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விட்டான். அண்ணாச்சி மீதிப் பணத்தைக் கேட்கவில்லை. மற்ற இருவர் இருக்கிறார்கள். ஒருவன் கொள்முதலுக்கே போய் வருகிறான்.

எடைக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று போன வாரம் சொல்லி அனுப்பினோம். மாடி அறைக்கு மின்விசிறி மாட்டியாயிற்றா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். எலக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.