கணவனுக்கு முப்பதில், மனைவிக்கு ஐம்பதில்! - இரத்தக் கொழுப்பு ஏறும் கதை

ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. கணவனும் மனைவியும் முப்பது வருஷமாக ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனாலும், இருவருடைய இரத்தத்தையும் எடுத்துப் பரிசோதித்தால், அதில் உள்ள கொழுப்பின் அளவு பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

வாலிப வயதில் கணவனுக்கு அதிகம். ஐம்பதைத் தாண்டிய பிறகு மனைவிக்கு அதிகம்!

இது என்ன விந்தை? இந்த விந்தையை உலகுக்கு விளக்குவதற்காக ஓர் ஊரே கை நீட்டி இரத்தம் கொடுத்தது. அந்த ஊரின் பெயர் பிராமிங்ஹாம்.

கை நீட்டிய ஊர்

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு மேற்கே, சுமார் 20 மைல் தூரத்தில் இருக்கிறது பிராமிங்ஹாம். 1948-ம் ஆண்டில் அங்கே சுமார் 28 ஆயிரம் பேர் வசித்தார்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இருதய நோயால் இறப்பவர்கள் ஏராளம். 1945-ல் அந்த நாட்டின் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே இரத்தக் கொதிப்பு முற்றி, மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தார். யாருக்கு இந்த நோய்கள் வரும், ஏன் வரும் என்பது டாக்டர்களுக்கே சரிவரத் தெரியாத காலம் அது.

1948-ல் அரசாங்க டாக்டர்கள் பிராமிங்ஹாமில் முகாம் போட்டார்கள். அவர்கள் படுக்கையில் கிடந்த நோயாளிகளைத் தேடவில்லை. நல்ல உடம்புடன் நடமாடியவர்களையே அழைத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து உடம்பைக் காட்டவேண்டும், இரத்தம் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக் கொண்டார்கள். டாக்டர்களுக்கு உதவுவது அந்த ஊருக்குப் புதிதல்ல. 1917-ல் காசநோய் பற்றிய ஒரு பெரிய முயற்சிக்கும் அதே ஊர்தான் கை கொடுத்தது.

5,209 பேர் முன்வந்தார்கள். அவர்களில் ஆண்கள் 2,336 பேர். பெண்கள் 2,873 பேர்.

ஆண்களைவிடப் பெண்கள் அதிகம்! இது சாதாரண விஷயம் அல்ல. மாரடைப்பு என்றால் ஆண்களின் நோய் என்று பலரும் நம்பிய காலம் அது. 1958-ல் ஏழு நாடுகளில் தொடங்கிய மற்றொரு பெரிய ஆராய்ச்சியில் ஆண்களை மட்டுமே சேர்த்துக் கொண்டார்கள். பிராமிங்ஹாம் பெண்கள் வரவில்லை என்றால், பாதிக் கதை வெகுகாலம் தெரியாமலே இருந்திருக்கும்.

மூட்டை கட்டும் கல்லீரல்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. இரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். அப்படியானால் கொழுப்பு அதில் எப்படி ஓடுகிறது?

உடம்பு ஒரு தந்திரம் செய்கிறது. கொழுப்பைப் புரதத்துடன் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத சிறு மூட்டைகளாகக் கட்டி இரத்தத்தில் விடுகிறது. இந்த வேலையில் முக்கியப் பங்கு கல்லீரலுக்கு.

மூட்டைக்குள் இருக்கும் சரக்குகளில் ஒன்று கொலஸ்டிரால். அது விஷம் அல்ல. உடம்பின் ஒவ்வோர் அணுவுக்கும் அது தேவை. ஆனால் அளவு மிஞ்சினால் ஆபத்து.

எல்.டி.எல். என்ற மூட்டை கொலஸ்டிராலைச் சுமந்துகொண்டு உடம்பெங்கும் போகிறது. அது மிஞ்சிப் போனால் இரத்தக் குழாயின் சுவரில் படிந்துவிடும். குழாய் குறுகும். அதனால் அதற்குக் 'கெட்ட கொழுப்பு' என்று பெயர்.

எச்.டி.எல். என்ற மூட்டை, தேங்கிய கொலஸ்டிராலை அள்ளிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டு வருகிறது. அது 'நல்ல கொழுப்பு'.

டிரைகிளிசரைடு என்று மற்றொரு சரக்கும் உண்டு. நாம் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் அதுதான். செலவாகாமல் மிஞ்சும் சோறும் சர்க்கரையும்கூட உடம்புக்குள் அதுவாக மாறிவிடும்.

பாதை பிரியும் வயது

பிறந்த குழந்தையின் இரத்தத்தில், 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 70 மில்லிகிராம் கொலஸ்டிரால்தான் இருக்கும். இரண்டு மூன்று வயதுக்குள் அது இரண்டு மடங்காகிவிடும். அதுவரை ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று பெரிய பேதம் இல்லை.

மீசை அரும்பும் வயதில்தான் பாதை பிரிகிறது. பையன்களுக்கு நல்ல கொழுப்பு குறையத் தொடங்குகிறது. பெண்களுக்கு அப்படிக் குறைவதில்லை. வளர்ந்த பிறகும் ஆண்களைவிடப் பெண்களுக்கு நல்ல கொழுப்பு சராசரியாக 10 மில்லிகிராம் அதிகம்.

இருபது வயதுக்கு மேல் ஆணின் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு மளமளவென்று ஏறுகிறது. முப்பதில் ஏறி, நாற்பதில் ஏறி, ஐம்பதை ஒட்டி அநேகமாக நின்றுவிடுகிறது. தள்ளாத வயதில் இறங்குகிறது.

பெண்ணுக்கும் ஏறுகிறது. ஆனால் மெல்ல, மெல்ல.

பெண்ணுக்குக் காவல்

பெண்ணைக் காப்பது எது? ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்.

கல்லீரலின் அணுக்களில் கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல்கள் இருக்கின்றன. இத்தகைய வாசல்கள் உண்டு என்பதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும். அதற்காக 1985-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாசல் அதிகமானால் இரத்தம் சுத்தமாகும். வாசல் குறைந்தால் கொழுப்பு இரத்தத்திலேயே சுற்றும்.

ஈஸ்ட்ரோஜன் இந்த வாசல்களைப் பெருக்குகிறது. அதுதான் பெண்ணுக்குக் காவல்.

இடையில் ஒரு விதிவிலக்கு உண்டு. கர்ப்ப காலத்தில் கொலஸ்டிரால் ஏறும். டிரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்குகூட ஆகும். வயிற்றில் வளரும் சிசுவுக்காக உடம்பு செய்யும் ஏற்பாடு இது. பிரசவத்துக்குப் பிறகு தானாக இறங்கிவிடும். ஆகவே, அந்தச் சமயத்துக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

காவல் விலகும்போது

ஐம்பது வயதை ஒட்டி மாதவிலக்கு நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. காவல் விலகுகிறது.

1,054 அமெரிக்கப் பெண்களை ஆண்டுதோறும் பரிசோதித்து, 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். கடைசி மாதவிலக்குக்கு முன்னும் பின்னும் உள்ள ஓராண்டில் கெட்ட கொழுப்பு சட்டென்று ஏறுவது அதில் தெரிந்தது. பிராமிங்ஹாமிலும், ஐம்பதைத் தாண்டிய பெண்களின் கொலஸ்டிரால் அதே வயது ஆண்களை மிஞ்சியது.

2004-ல் 52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் 9 ஆண்டுகள் தாமதித்து வருகிறது என்று அது காட்டியது. தாமதிக்கிறதே தவிர, வராமல் போவதில்லை. இந்தியா அடங்கிய தெற்கு ஆசியாவில் மற்ற நாடுகளைவிடச் சுமார் 5, 6 ஆண்டுகள் முன்னதாகவே மாரடைப்பு வருகிறது என்பதும் அதில் தெரிந்தது.

"எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார்" என்று சில பெண்கள் சொல்வதுண்டு. 'அப்போதே' என்பது 35 வயதில்! 35-ல் எடுத்த கணக்கு 55-க்கு உதவாது.

மாத்திரையால் காவல் திரும்புமா?

போன ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? டாக்டர்களுக்கும் இந்த யோசனை தோன்றியது.

மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தார்கள். அதிக அளவு பெற்றவர்களுக்கு மாரடைப்பு குறைவதற்குப் பதில் கூடியது. 1970-ல் அதை நிறுத்தினார்கள். பிறகு 16,608 பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடந்தது. மாதவிலக்கு நின்ற அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜனும் மற்றொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால், 2002-ல் அதையும் பாதியில் நிறுத்த நேர்ந்தது.

உடம்பில் பொங்கும் சூடு, வியர்வை போன்ற தொல்லைகளுக்கு அந்த மருந்தை டாக்டர்கள் இன்றும் கொடுப்பதுண்டு. ஆனால், இருதயத்துக்குக் காவலாக அதைக் கொடுப்பதில்லை.

வயது மட்டுமா காரணம்?

அப்படியானால் வயதாக ஆக எல்லோருக்கும் கொழுப்பு ஏறித்தான் தீருமா?

மெக்சிகோ நாட்டு மலைகளில் தாராஹுமாரா என்ற மக்கள் வாழ்கிறார்கள். வெகுதூரம் ஓடுவதில் பெயர் பெற்றவர்கள். மக்காச்சோளமும் பயறும் அவர்களுடைய பழைய உணவு. 1970-களில் அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தபோது, பெரியவர்களுக்கும் சராசரி கொலஸ்டிரால் 150-க்குக் குறைவாகவே இருந்தது!

உணவுக்கும் உழைப்புக்கும் அவ்வளவு சக்தி உண்டு. வயதையும் பிறப்பையும் மாற்ற முடியாது. சாப்பாட்டை மாற்றலாம், நடக்கலாம், புகைப்பதை விடலாம். புகை, நல்ல கொழுப்பைக் குறைக்கும். இவற்றால் மட்டும் இறங்காவிட்டால் மருந்து இருக்கிறது. எந்த அளவில் மருந்து வேண்டும் என்பதை, வயது, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

ஒன்றை மறக்கக் கூடாது. பெண்ணுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலியுடன், சில சமயம் அந்த வலி இல்லாமலேகூட, மூச்சுத் திணறலோ, முதுகு வலியோ, தாடை வலியோ, குமட்டலோ, சொல்லமுடியாத அசதியோ வரலாம். 'வாய்வு' என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக் கொள்வது ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அம்மாவின் கை

பிராமிங்ஹாமில் அந்த வேலை 1948-க்குப் பிறகும் ஓயவில்லை. முதலில் வந்தவர்களின் பிள்ளைகள் 1971-ல் வந்தார்கள். 2002 முதல் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள்.

நம் வீடுகளில் இரத்தப் பரிசோதனை என்றால் அப்பாவுக்குத்தான். காலையில் வெறும் வயிற்றுடன் அவரை அழைத்துக்கொண்டு போவது அம்மா. பழைய சீட்டுகளைப் பையில் பத்திரமாக எடுத்து வைப்பது அம்மா. எண்ணெயைக் குறைத்துத் தனியாகச் சமைத்துப் போடுவதும் அம்மா.

அடுத்த முறை போகும்போது, அம்மாவும் கையை நீட்டட்டும்.